பரணில் கிடக்கும் சவரக்கத்தி… பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள்!

சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததும் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைக்காரர் ஒரு பிளேடை எடுப்பார். உறையோடு சேர்த்து நெடுக்காக இரண்டாக ஒடிப்பார். ஒரு பாதியைக் கத்திப் பிடியில் செருகுவார். சவரம் முடிந்ததும் அந்தப் பாதி குப்பைக்குப் போய்விடும். மூங்கில்துறைப்பட்டிலும் இப்படித்தான், மதுரையிலும் இப்படித்தான்.

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகமில்லை. ஐம்பதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சின்ன வயதில் பார்த்தது வேறு கத்தி. விரித்தால் ஒரு சாண் நீளம் வரும், மடக்கினால் சட்டைப்பைக்குள் அடங்கும். அலகு பிடிக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும். அதைத் தோல் வாரில் முன்னும் பின்னுமாக இழுத்துத் தீட்டுவார்கள். வார் இல்லாதவர்கள் உள்ளங்கையிலேயே தீட்டிக்கொள்வார்கள். பார்க்கிற பிள்ளைகளுக்கு உடம்பு கூசும். காலையில் முதல் ஆளுக்கு எடுத்த கத்திதான் பொழுது சாய்கிறபோது கடைசி ஆளுக்கும்.

1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் எய்ட்ஸ் பற்றிய பேச்சு பட்டிதொட்டியெல்லாம் பரவ, “புது பிளேடு போடுங்கண்ணே” என்று கேட்பது வாடிக்கையானது. மடக்குக் கத்தி அடைப்பத்துக்குள் போனது. அடைப்பம் பரணுக்குப் போனது. அடைப்பம் என்றால் இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நாவிதர் தன் கத்தி, சாணைக்கல், கிண்ணி, கண்ணாடி எல்லாவற்றையும் போட்டுச் சுமந்த பைக்கு அதுதான் பெயர்.

இந்த வாரம் பரணிலிருந்து இறங்குவது அந்தக் கத்தி.

வெளிநாடுகளில் இதைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சிலர் அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறார்கள், சிலர் தினமும் அதிலேயே சவரம் செய்கிறார்கள். நம்மூரிலும் இந்த ஆசை மெல்ல வந்துவிட்டது. ஆனால், வீட்டில் கத்தி இருக்கிறவருக்கு அதன் மதிப்பு தெரியாது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் விற்பவர் வந்தால் ஓட்டைக் குடத்தோடு சேர்த்து அதையும் போட்டுவிடுகிறார்கள். இல்லாவிட்டால் “நூறு வருஷத்துப் பொருள், லட்சக்கணக்கில் போகும்” என்று யாரோ சொன்னதை நம்பி இறுகப் பூட்டி வைக்கிறார்கள். இரண்டுமே தப்பு.

பக்கத்து ஊர் எஃகு

மூங்கில்துறைப்பட்டு என்றதும் இன்றைக்கு நினைவுக்கு வருவது கள்ளக்குறிச்சி-1 கூட்டுறவு சர்க்கரை ஆலை. தென்பெண்ணை ஒரு பக்கம், கரும்புக் காடு ஒரு பக்கம், மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. இந்த வட்டாரத்துக்கும் சவரக்கத்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் கத்தியில் இல்லை. கத்தி எதனால் ஆனதோ அந்த எஃகில் இருக்கிறது.

மூங்கில்துறைப்பட்டுக்குத் தொலைவில்லாத ஊர் மேல்சிறுவளூர். உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் அங்கே உடைந்த மண் மூசைகளின் குவியலைக் கண்டார். மூசை என்பது தட்டார் வீட்டில் பொன் உருக்குகிற அதே மண் குடுவைதான். இங்கே அதில் உருக்கியது எஃகு. தேனிரும்பையும் கரியாகக்கூடிய தாவரப் பொருளையும் மூசைக்குள் வைத்து மூடி, உலையில் பல மணி நேரம் காய்ச்சினால் இரும்பு கரியைக் குடித்து எஃகாக மாறும். மேல்சிறுவளூர் மூசைகளின் உட்சுவரில் அந்த உயர் கார்பன் எஃகின் தடயம் ஒட்டிக்கொண்டிருந்தது. இது தென்னிந்தியாவில் புதிதாகக் கண்டறியப்பட்ட எஃகுத் தயாரிப்பிடம் என்று 1994-ல் அவர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும் இத்தகைய தொழிலுக்குச் சான்று கிடைத்திருக்கிறது.

இந்த வகை எஃகை ஐரோப்பியர்கள் ‘வூட்ஸ்’ என்றார்கள். உக்கு என்ற தென்னிந்தியச் சொல்தான் அப்படித் திரிந்தது என்பது பரவலான கருத்து. நம்முடைய ‘உருக்கு’ம் அதற்கு உறவுதான்.

1790-களில் ஹெலனஸ் ஸ்காட் என்ற மருத்துவர் பம்பாயிலிருந்து இந்த எஃகில் சில கட்டிகளை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். அங்கே அதை அடித்துப் பார்த்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் கத்திக்கடை வைத்திருந்தவர். பிறகு தன் கடை அட்டையில் என்ன அச்சடித்தார் தெரியுமா? சவரக்கத்தியும் அறுவைக் கருவிகளும் வூட்ஸ் எஃகில் செய்யப்படுகின்றன, பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்ததில் ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இதுவே மேல் என்ற பொருள்படும் வாசகம்! தன் சரக்கை மெச்சுவது வியாபாரிக்கு வழக்கம்தான். ஆனாலும் லண்டன் கத்திக்கடைக்காரர் ஒருவர் இந்திய எஃகின் பெயரைச் சொல்லி சவரக்கத்தி விற்றார் என்பது சின்ன விஷயமில்லை.

ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து இந்த எஃகின் ரகசியத்தைக் கண்டுபிடிக்க முயன்றவர் மின்சாரத்தில் பேர் வாங்கிய மைக்கேல் ஃபாரடே. அவர் ஒரு கொல்லரின் மகன். வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் என்று ஒவ்வொன்றாக எஃகில் கலந்து பார்த்து, 1820-லும் 1822-லும் இருவரும் கட்டுரை எழுதினார்கள். ரோடியம் கலந்த எஃகில் சவரக்கத்தி செய்து ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். அந்தக் கால இங்கிலாந்துக் கத்திகள் சிலவற்றின்மேல் ‘சில்வர் ஸ்டீல்’ என்ற முத்திரை இருக்கும். அதற்கு மூலம் இந்தச் சோதனைதான். பின்னாளில் அது வெறும் விளம்பரப் பெயராகிவிட்டது. அந்த முத்திரையைப் பார்த்துவிட்டு வெள்ளி இருக்கிறதென்று நகைக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

இன்னொரு கதை இதைவிட நெருக்கமானது. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலம் பகுதி இரும்புக்கல்லில் மனதைப் பறிகொடுத்தவர். கம்பெனி வேலையை விட்டுவிட்டு 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்தார். பரங்கிப்பேட்டை அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக் கடற்கரை. மூங்கில்துறைப்பட்டும் அதே தென்னாற்காட்டில்தான் இருந்தது. 1993-ல் விழுப்புரம் மாவட்டத்துக்கும் 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் மாறியது. ஆலை ஹீத்துக்குப் பணத்தைக் கொடுக்கவில்லை, அனுபவத்தைக் கொடுத்தது. இங்கிலாந்துக்குத் திரும்பியவர், எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் சேர்த்தால் தரம் கூடும், செலவு குறையும் என்று கண்டு 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்ட் நகரத்து எஃகுக்காரர்கள் அந்த முறையை லேசாக மாற்றிக்கொண்டு, அவருக்குக் காசு கொடுக்காமலேயே பயன்படுத்தினார்கள். வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. 1851-ல் ஹீத் இறந்தபோதும் அது முடியவில்லை. கடைசியில் தீர்ப்பு வந்தது, அதுவும் அவர் பக்கத்துக்கு எதிராக.

அந்த ஷெஃபீல்டிலிருந்துதான் சவரக்கத்திகள் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தன. ஆகவே உங்கள் வீட்டு அடைப்பத்தில் ஷெஃபீல்ட் கத்தி கிடந்தால், அதைச் சீமைச் சரக்கு என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட முடியாது.

கழுத்தைப் பாருங்கள்

கத்தியை மதிப்பிட முதலில் அதைத் திறக்கத் தெரிய வேண்டும். கூரான விளிம்பில் விரல் படாமல் அலகின் முதுகைப் பிடித்து மெதுவாக விரியுங்கள். அலகு முடிந்து பிடியின் ஆணிக்குப் போகும் இடத்தில் ஒரு குறுகலான பகுதி இருக்கும். அதுதான் கழுத்து. கத்தியின் ஜாதகம் அங்கேதான் பொறித்திருக்கும். எழுத்து மங்கியிருந்தால் சுரண்ட வேண்டாம். இருட்டான அறையில் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, இன்னொரு போனில் நெருக்கமாகப் படம் எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்து படத்தில் தெரியும்.

நம் பக்கம் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் சரக்கு, ஜெர்மனியின் சோலிங்கன் சரக்கு, உள்ளூர்க் கொல்லர் அடித்த நாட்டுக் கத்தி. ஷெஃபீல்டில் ஜோசப் ராட்ஜர்ஸ் என்றால் நட்சத்திரமும் சிலுவையும் இருக்கும். வேட் அண்ட் புட்சர் என்றால் அம்பும் சிலுவையும். ஜார்ஜ் வோஸ்டன்ஹோம் கம்பெனி ‘ஐ எக்ஸ் எல்’ என்று போடும். ‘நான் மற்றவரை மிஞ்சுகிறேன்’ என்பதன் ஆங்கில ஒலியை எழுத்தாக்கிய தமாஷ் அது. சோலிங்கனில் ஹென்கல்ஸ் கம்பெனிக்கு இரட்டையர் உருவம், போக்கர் கம்பெனிக்கு மரம்.

வயதைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. கிரீடத்தோடு ‘வி.ஆர்.’ என்ற எழுத்துகள் இருந்தால் பெரும்பாலும் விக்டோரியா காலம், அதாவது 1837 முதல் 1901-க்குள். ‘டபிள்யூ.ஆர்.’ என்றால் அதற்கு முந்தைய நான்காம் வில்லியம் காலம். வெறும் ஏழு வருஷம்தான் அவர் ஆண்டார் என்பதால் அது அரிது. அடுத்து, ஊர்ப் பெயரோடு நாட்டின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இறக்குமதிப் பொருளில் அது எந்த நாட்டுச் சரக்கு என்று பொறித்திருக்க வேண்டும் என அமெரிக்கா போட்ட விதி 1891-ல் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து கத்திக்காரர்கள் ‘ஷெஃபீல்ட்’ என்பதோடு ‘இங்கிலாந்து’ என்றும் சேர்த்துப் பொறிக்கத் தொடங்கினார்கள். நாட்டின் பெயர் இருந்தால் கத்தி அநேகமாக 1891-க்குப் பிந்தியது. இல்லாவிட்டால் முந்தியதாக இருக்கலாம். உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

பெயரை மட்டும் நம்பக் கூடாது. நல்ல பெயருக்குப் போலி அன்றே உண்டு. அதனால்தான் ‘சோலிங்கன்’ என்ற ஊர்ப் பெயரையே காப்பதற்கு ஜெர்மனியில் 1938-ல் தனிச் சட்டம் போட்டார்கள். இப்போது இணையத்தில் அலை அலையாகக் கோடு போட்ட பளபள கத்திகளை ‘பழங்காலத்து டமாஸ்கஸ்’ என்று விற்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை நேற்றுச் செய்தவை. சவரக்கத்தி வடிவத்தில் இருக்கும், சவரம் செய்ய உதவாது.

நாட்டுக் கத்தியில் முத்திரையே இருக்காது. அலகு கட்டையாக, தடிமனாக, ஆப்பு போல இருக்கும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் விலைப்பட்டியலில் இதற்கு இடம் குறைவு. அதனால் இதை முதலில் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். ஷெஃபீல்ட் கத்தியை லட்சக்கணக்கில் செய்தார்கள், இணையத்தில் தேடினால் இன்னொன்று கிடைக்கும். உங்கள் ஊர்க் கொல்லர் அடித்ததற்கு மறுபிரதி கிடையாது.

உழைத்த கத்தி, உழைக்காத கத்தி

கத்தியின் அகலத்தை உலகம் முழுக்க அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காக அளக்கிறார்கள். நம் பாட்டிமார்களின் வாய்ப்பாட்டில் இதற்கு அழகான பெயர் உண்டு: அரைக்கால். ஐந்து பங்கு என்றால் அரையே அரைக்கால் அங்குலம், ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். சாதாரண கத்திகள் இந்த அளவு. ஆறு பங்கு என்றால் முக்கால் அங்குலம், 19 மில்லிமீட்டர். முக்காலே அரைக்காலுக்கும் ஒரு அங்குலத்துக்கும் போனால் சேகரிப்பாளர்கள் கண்ணை அகல விரிப்பார்கள்.

அகலத்தை அளந்த பிறகு முதுகைப் பார்க்க வேண்டும். இது முக்கியமான இடம். சவரக்கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டும்போது விளிம்பு மட்டும் கல்லில் படாது, முதுகும் சேர்ந்து படும். முதுகின் தடிமன் அலகின் அகலத்தில் மூன்றில் ஒன்றுக்கும் நான்கில் ஒன்றுக்கும் நடுவே இருக்கும்படி செய்திருப்பார்கள். கத்தியை அப்படியே கல்லில் படுக்க வைத்தாலே விளிம்புக்குச் சரியான கோணம், ஏறத்தாழ 16 முதல் 18 டிகிரி, தானாக அமைந்துவிடும். தீட்டுகிறவர் கோணம் பார்க்க வேண்டியதில்லை. யார் யோசித்தார்களோ, கெட்டிக்காரர்கள்.

ஆனால், தீட்டத் தீட்ட இரண்டும் தேயும். பல வருஷம் ஓடிய கத்தியின் முதுகில் இரண்டு பக்கமும் தட்டையான பட்டை தெரியும். அகலமும் குறைந்திருக்கும். கல்லில் ஒரே இடத்தில் அழுத்தியிருந்தால் விளிம்பு நேராக இல்லாமல் நடுவில் குழிந்து, முகம் சுளித்த மாதிரி வளைந்திருக்கும். இதையெல்லாம் பார்த்ததும் சேகரிப்பாளர் விலையைக் குறைப்பார். விளிம்பில் சிறு பல் விழுந்திருந்தால் இன்னும் குறைப்பார். தலைமுடி போன்ற ஒரு கீறல் விளிம்பிலிருந்து மேல்நோக்கி ஓடினால், வெடிப்பு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அது சரிதான். வெடித்த அலகுக்கு வைத்தியம் இல்லை.

அதிக விலைக்குப் போவது எது? பெட்டியைவிட்டு வெளியே வராத கத்தி. பணக்கார வீடுகளுக்காக ஏழு கத்திகளை ஒரே பெட்டியில் வைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் ஞாயிறு, திங்கள் என்று கிழமை பொறித்து விற்றார்கள். தீட்டிய விளிம்புக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற நம்பிக்கையில் வந்த ஏற்பாடு. அப்படி ஒரு பெட்டி முழுசாகக் கிடைத்தால் நல்ல விலை உண்டு. ஒரே கத்தியை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சவரம் செய்தவரின் கத்தி தேய்ந்துதான் இருக்கும். ஆகவே, மூங்கில்துறைப்பட்டு மாதிரி ஊர்களின் பரணில் இருந்து இறங்கும் கத்திக்கு ஏலச் சந்தையில் பெரிய தொகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதிகம் உழைத்ததற்குக் குறைந்த விலை என்பது இந்தச் சந்தையின் கணக்கு.

அந்தக் கணக்கை மாற்றக்கூடியது ஒன்று உண்டு. கத்தியோடு வருகிற விவரம். அதற்குப் போவதற்கு முன்னால் பிடியையும் துருவையும் முடித்துவிடலாம்.

பிடி என்ன பொருள்?

பிடி பெரும்பாலும் எருமைக் கொம்பு. அதில் சின்னச் சின்னக் குழி இருந்தால் பூச்சி அரித்திருக்கிறது என்று அர்த்தம். சில கத்திகளில் கருங்காலி மரம். இருபதாம் நூற்றாண்டுக் கத்திகளில் செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக் வரும். தந்தம் மாதிரியும் ஆமை ஓடு மாதிரியும் ஏமாற்றும். முகர்ந்தால் கற்பூர வாசனை லேசாக வரும், ஏனென்றால் அதைச் செய்ய கற்பூரம் சேர்த்தார்கள். இது வயதானால் தானாகச் சிதையும். அப்போது வெளிவரும் அமில ஆவி சொந்த அலகையே துருப்பிடிக்க வைக்கும், பக்கத்தில் இருக்கும் கத்திகளையும் விடாது. எளிதில் தீப்பிடிக்கும் வேறு. செல்லுலாய்டு பிடி போட்ட கத்தியைத் தனியாக, காற்றோட்டமாக வையுங்கள். சூடான கம்பியால் தொட்டுச் சோதிக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

பிடி உண்மையான தந்தம் என்றால் விஷயம் வேறு. வெள்ளைப் பிடியின் முனையில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மெல்லிய வளைகோடுகள் தெரிந்தால் யோசியுங்கள். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் தந்த வியாபாரத்தை இந்தியாவில் முழுதாகத் தடை செய்திருக்கின்றன. ஆமை ஓட்டுக்கும் அப்படியே. தாத்தா காலத்துப் பொருள்தானே என்று இணையத்தில் விற்பனைக்குப் போட்டால் வனத்துறை வீட்டுக்கு வரும். நூறு வருஷத்தைத் தாண்டிய கைவினைப் பொருள்களுக்குத் தொல்பொருள் சட்டமும் இருக்கிறது. அது அதே 1972-ல் வந்தது. அந்த வரையறைக்குள் வரும் பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ‘கூரியரில் அனுப்புங்கள், டாலரில் தருகிறேன்’ என்று கேட்டால் கொஞ்சம் நிதானியுங்கள்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

பழைய பொருள் கிடைத்ததும் நம் வீட்டில் முதலில் செய்வது புளி போட்டுத் தேய்ப்பது. பித்தளைக்குச் சரி. சவரக்கத்தியின் எஃகில் துருவைத் தடுக்கும் குரோமியம் கிடையாது. புளியின் அமிலம் அலகை அரித்துக் கறுப்புத் திட்டாக்கிவிடும், முத்திரையையும் மங்கச் செய்துவிடும். எலுமிச்சையும் வினிகரும் அதே ரகம்தான்.

அதைவிடப் பெரிய கொலை, பட்டறையில் கொடுத்து மோட்டார் சக்கரத்தில் மெருகேற்றுவது. பளபளவென்று வரும். ஆனால், மெல்லிய விளிம்பு நொடியில் சூடாகிவிடும். கத்தியின் பதம் என்பது கொல்லர் அளவோடு ஏற்றிய கடினத்தன்மை. 200 டிகிரிக்கு மேல் போகப் போக அது இளகும். விளிம்பில் நீல நிறம் படர்ந்தால் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடம் இனி கூர் நிற்காது. முத்திரை எழுத்தின் ஓரங்களும் வழவழப்பாகிப் போகும். தேய்ந்த கத்தியைக்கூட வாங்குகிறவர், மெருகேற்றிக் கெடுத்ததை வாங்க மாட்டார்.

செய்ய வேண்டியது எளிது. மென்மையான துணியில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. முதுகிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும், விளிம்பு நெடுக ஓட்டக் கூடாது. சிவப்புத் துரு உயிருள்ளது, பரவும். எண்ணெயில் ஊற வைத்து மெதுவாக எடுங்கள். கரும்பழுப்பாகப் படிந்திருப்பது வயதின் நிறம், அதை விட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும் என்பதால் வேண்டாம். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், ஈரத்தை இழுக்கும். புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கூடவே போடுங்கள்.

பரணில் கிடந்த கத்தியை எடுத்து ஆசைக்குக்கூட முகத்தில் வைக்கக் கூடாது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஒரு வாரம் வரை உயிரோடு இருக்கும். பல வருஷம் கிடந்த கத்தியில் அந்த ஆபத்து இல்லை என்றாலும், துருப்பிடித்த விளிம்பு தோலைக் கிழிக்கும், அந்தக் காயம் சீழ் பிடிக்கும். அதை மறுபடி தீட்டி, நாள்தோறும் பலருக்குப் பயன்படுத்துவது இன்னும் மோசம். ஒருவர் கத்தி ஒருவருக்கே. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

யார் வீட்டுக் கத்தி?

இத்தனை நேரம் பேசியது எஃகைப் பற்றி. கத்தி வைத்திருந்தவரைப் பற்றிப் பேசாமல் மதிப்பு போட முடியாது.

கிராமத்து நாவிதருக்கு அன்றைக்குச் சவரத்துக்கு இவ்வளவு என்று காசு கிடையாது. அறுப்பு முடிந்ததும் களத்துமேட்டில் மேரை என்று தானியம் அளப்பார்கள். அதற்கு ஈடாக வருஷம் முழுக்க வாசல் வாசலாகப் போக வேண்டும். சவரத்தோடு வேலை முடியாது. கட்டி அறுப்பதும் புண்ணுக்கு மருந்து போடுவதும் அவர் வேலை. பிரசவம் பார்ப்பது அவர் வீட்டுப் பெண்களின் வேலை. கல்யாணத்திலும் சாவிலும் சடங்கு செய்ய அவர் இல்லாமல் முடியாது. ஆனாலும், திண்ணையில் சமமாக உட்கார முடியாது. ஊருக்கே வைத்தியம் பார்த்த அந்தச் சமூகம் இன்று மருத்துவர் என்ற பெயரைக் கேட்டுப் பெற்றிருப்பதன் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். எத்தனையோ ஊர்களில் இதே கத்தி சேரிப் பக்கம் போகக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு இருந்தது. மீறிப் போனால் நாவிதரின் பிழைப்பே போகும்.

அதனால்தான் சில வீடுகளில் பிள்ளைகள் அந்த அடைப்பத்தைப் பார்க்கவே விரும்புவதில்லை. படித்து வேறு வேலைக்குப் போனவருக்கு அது அப்பாவின் கைத்திறனையும் நினைவூட்டும், அப்பாவை ‘வாடா போடா’ என்று அழைத்தவர்களையும் நினைவூட்டும். வெளியூர்ச் சேகரிப்பாளர் ஒருவர் காரில் வந்து இறங்கி, “பாரம்பரியப் பொருள், பாதுகாக்கணும் சார்” என்று அந்த வீட்டுக்காரருக்குப் பாடம் எடுப்பது அழகில்லை. வைத்துக்கொள்வதா, விற்பதா, ஆற்றில் போடுவதா என்பது அந்த வீட்டார் முடிவு. வாங்குகிறவர் செய்ய வேண்டியது, அடிமாட்டு விலை கேட்காமல் இருப்பதும் கதையைக் கேட்டு எழுதிக்கொள்வதும்தான்.

அந்தக் கதைதான் தேய்ந்த கத்திக்கு மதிப்பு. எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஷெஃபீல்ட் கத்தி, ஆயிரத்தில் ஒன்று. இன்னார் இன்ன ஊரில் இத்தனை வருஷம் பிடித்த கத்தி, கூடவே அவருடைய கல், வார், கிண்ணி என்று முழு அடைப்பமாகக் கிடைத்தால் அது ஓர் ஆவணம். அருங்காட்சியகமும் ஆய்வாளரும் கேட்பது அதைத்தான். சில வியாபாரிகள் கத்தியை மட்டும் உருவிக்கொண்டு மற்றதைப் போட்டுவிட்டுப் போவார்கள். விட்டுவிடாதீர்கள். நடுவில் குழிந்துபோன அந்தச் சாணைக்கல்லைப் பார்த்தாலே எத்தனை வருஷ உழைப்பு என்று தெரிந்துவிடும். அதற்குக் கடையில் விலை இல்லை என்பதால்தான் அதை முதலில் தொலைக்கிறோம்.

வீட்டில் இப்படி ஒரு பை இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பெயர் கேளுங்கள். நகம் எடுக்கும் கருவிக்கு உங்கள் ஊரில் என்ன பெயர், தோல் வாரை எதைத் தடவிப் பதப்படுத்தினார்கள், கத்தியை எந்தச் சந்தையில் வாங்கினார்கள், என்ன விலை, யார் யார் வாசலுக்குப் போனார்கள், எந்த வாசலில் தண்ணீர் கொடுத்தார்கள், எதில் கொடுக்கவில்லை. போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பேர், ஊர், வருஷம் மூன்றையும் ஒரு அட்டையில் பென்சிலால் எழுதி, நூல் கட்டிப் பிடியில் தொங்கவிடுங்கள். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும்.